பெயர்ச்சிப் பண்டிதர்

பெயர்ச்சிப் பண்டிதர், கால்பந்துக் கழகமான சென்னையின் எஃப்சி ஆடும் மாலைகளில் ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, நேரு விளையாட்டரங்கத்துக்காகப் பூங்கா நிலையத்தில் இறங்கும் வரையில், அன்றைய ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அயல்நாட்டு முன்கள வீரர்கள் இதற்குமுன் எந்தெந்த ஊரில் ஆடினார்கள் என்பதை மட்டுமே பேசுபவர். கோலடிப்பதைப் பிழைப்பாகக் கொண்டு, ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் நாடுவிட்டு நாடு பெயரும் நாடோடி முன்கள வீரரே இவருடைய ஆய்வுப்பொருள்.

பண்டிதரின் பாராயண நாயகர் நைஜீரியாவின் பார்த்தலோமியூ ஓக்பெச்சே. வண்டி வண்டலூரை அடையுமுன் அவர் பாரீஸ் செயின்ட் ஜெர்மைனில் சேர்ந்துவிடுவார். 2002 உலகக் கோப்பையில் 17 வயதில் ஆடிய பெருமை பெருங்களத்தூரில் சொல்லப்படும். தாம்பரத்தில் கூட்டம் முட்டி மோதி ஏறும் அமளியிலும் குரல் தாழாமல், பாஸ்தியா, மெட்ஸ் என்னும் இரண்டு இரவல் கழகங்கள் (உரிமை ஒரு கழகத்திடமும் உழைப்பு மற்றொரு கழகத்திடமும் இருக்கும் ஏற்பாடு இரவல் எனப்படும்) விளக்கத்துடன் முடிக்கப்படும். பல்லாவரத்தில் அபுதாபியின் அல் ஜசீரா வர, திரிசூலம் தொடங்கிக் கிண்டி வரை ஸ்பெயினின் அலாவெஸ், வயதோலித், காதிஸ் ஆகியவை நீளும் என்பதால், கிண்டியில் இறங்கவேண்டிய பக்கத்து இருக்கைக்காரர், காதிஸ் முடியட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்து, சைதாப்பேட்டையில் இறங்கித் திரும்பி வருவது வழக்கம். அவர் இல்லாமலேயே கிரேக்கத்தின் கவாலாவும், இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவும், மீண்டும் ஸ்பெயினின் ஹெரெஸும், நெதர்லாந்தின் காம்பூரும் வில்லெம் 2-உம் ஓதப்பட்டு, எழும்பூருக்குள் நார்த் ஈஸ்ட் யுனைடெட், கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி, ஹைதராபாத் என்று இந்தியக் காண்டம் நிறைவுறும். இடையில் எவரேனும் ஹெரெஸை விட்டுவிட்டீர்களே என்று சீண்டிவிட்டால் பாரீஸிலிருந்து மறுபடி தொடங்கும்.

சுண்டல் வாங்குவதும் நடுவரைத் திட்டுவதும் எல்லா ரசிகருக்கும் பொதுவாகையால் விரிக்கத் தேவையில்லை. பண்டிதரின் தனித்தன்மை 2020-இல் வெளிப்பட்டது. லித்துவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், இந்தியன் சூப்பர் லீகின் (ஐஎஸ்எல்) 2019-20 பருவத்தில் சென்னையின் அணிக்கு 15 கோல்கள் அடித்து, அதிக கோலடித்தவருக்குரிய தங்கக் காலணியை வென்று, இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுசேர்த்த பின், அடுத்த பருவத்திலேயே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டபோது, ரசிகர்கள் அனைவரும் நொந்துபோக, பட்டியலில் ஓர் ஊர் கூடியதென்று மகிழ்ந்தவர் இவர் ஒருவரே.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையும், காயமும், பயிற்சியாளர் மாற்றமுமே பல பெயர்ச்சிகளுக்குக் காரணம் என்பதும், சில பெயர்ச்சிகளுக்குப் பின்னால் வேலை தேடி அலைந்த ஒரு கோடை உண்டு என்பதும் பண்டிதரின் பாராயணத்தில் இடம்பெறுவதில்லை. ஆயினும், ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் வாழ்நாள் பணியைக் கழித்து ஓய்வை நெருங்கும் அவர், 2021-22-இல் ஓக்பெச்சே 37 வயதில் 18 கோல்கள் அடித்ததையும் ஹைதராபாத் ஐஎஸ்எல் கோப்பை வென்றதையும் சொல்லும்போது மட்டும் குரல் சற்றுத் தழுதழுப்பதைக் கேட்டவர்கள், அவரை முற்றிலும் வெறுத்துவிட முடிவதில்லை.

ஆனால் குறை குறையே. ஐஎஸ்எல் தொடங்கிய 2014 முதல் 2024-25 வரை தங்கக் காலணி ஒருமுறையேனும் இந்தியர் எவருக்கும் கிட்டவில்லை. கழகங்கள் முன்கள இடத்தைப் பெரும்பாலும் அயல்நாட்டவருக்கே ஒதுக்கிவந்திருக்க, 2024 ஜூனில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற இந்திய முன்கள வீரர் சுனில் சேத்ரியை, கோலடிக்க வேறு ஆளில்லாமல், 2025 மார்ச்சில் அவருடைய 40ஆம் வயதில் தேசிய அணி மீண்டும் அழைத்துக்கொண்டது. இந்த வறட்சி பண்டிதரின் கண்ணில் படவில்லை. ஓக்பெச்சேயின் 16 கழகங்களை வரிசை பிறழாமல் சொல்லும் அவருக்கு, தாம் வாழும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மாமல்லபுரத்தில் எஃப்சி மெட்ராஸ் பயிற்சியகத்தில் பந்து பழகும் சிறுவர்களுள் ஒருவன் பெயர்கூடத் தெரியாது. வரும் ஞாயிறன்றேனும் அவர் பூங்கா நிலையத்துக்குச் சீட்டு எடுக்காமல், மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறி, இன்னும் எந்த ஊருக்கும் பெயராத ஒரு முன்கள வீரனின் ஆட்டத்தை வாய் திறவாமல் பார்த்து வருவாராக.