கல்யாணம் முடிஞ்சிருச்சு, காலேஜு முடியலயே தாயி!

இந்தா தாயி, இப்படித் திண்ணையில உக்காரு. மாப்ள, நீயும் வாய்யா. வெறும் பேச்சுதான், மொய்யி எழுதச் சொல்ல மாட்டேன்.

வைகாசியில தாலி ஏறுச்சு, ஆனியில காலேஜு தொறந்துட்டான். மூணாம் வருசம் கெமிஸ்ட்ரி. கழுத்துல புது மஞ்சக்கயிறு, கால்ல புது மெட்டி, தோள்ல பழைய பையி. மெட்டிச் சத்தம் கேட்டதும் கூடப் படிக்கிற புள்ளைக 'அக்கா வந்தாச்சு'ன்னு எந்திரிச்சு நிக்காளுகளாமே! போன பங்குனி வரைக்கும் ஒன் டிபன் பாக்ஸுல முட்டையக் களவாண்டு தின்னவளுக. நிக்கட்டும், நிக்கட்டும். சன்னலோரத்து எடமா விடுவாளுக, பேசாம உக்காந்துக்கோ.

நான் சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணுதான். 'படிக்காத'ன்னு ஒன்ன இனி எவனும் சொல்ல மாட்டான். அந்தக் காலம் மலையேறிப் போச்சு. இப்ப எல்லாரும் பிரியத்தாலயே படிப்பக் கெடுப்பாக. பகைய எதுத்துச் சண்டை போடலாம், பிரியத்த எதுத்து எப்படிப் போடுவ? அதனால சண்டையே வேண்டாம். எந்த மொறையச் சொல்லி ஒன்னக் கூப்புடுறாகளோ, அந்த மொறையச் சொல்லியே நழுவிரு. நம்ம பெரியவுக கெட்டிக்காரவுக. போட்ட மொற அத்தனையிலயும் ஒரு ஆளு நுழையுற அளவுக்குச் சந்து விட்டுத்தான் போட்டிருக்காக.

மொதல்ல விருந்து. ஒரு செமஸ்டருக்கு 90 நாளு வகுப்பு, 75 சதம் வரணும்ங்கான். அப்படின்னா 68 நாளு நீ பெஞ்சுல உக்காரணும். மிச்சம் 22. இந்த 22 நாளையும் கோடைக்குக் கம்மாத்தண்ணிய அடைச்சு வைக்கிற மாதிரி அடைச்சு வைக்கணும் தாயி. நம்ம சனத்தப் பாரு: தாய்மாமன் வீடு, சித்தி வீடு, பெரியம்மா வீடு, பெரியம்மாவோட சம்பந்தி வீடு, மாப்ள கூட வேல பாக்கவன் வீடு. வீட்டுக்கு ஒரு நாள்னாலே ஆவணி பொறக்கையில மடை வறண்டுரும். அதுவும் லேசுல விடுவாகளா? காலையில இட்டிலிக்கு ஈரலு, மத்தியானம் வெள்ளாட்டங்கறி, ராத்திரி கோழி. 'இன்னும் ஒரு கரண்டி'ன்னு எலைய மறைக்கிற கையத் தட்டிவிட்டு ஊத்துவாக. மறுநாளு கண்ணு போர்டுல இருக்கும், உசுரு ஒறக்கத்துல கெடக்கும்.

75 சதம் வராட்டா காண்டனேஷன்னு பைசா கட்டச் சொல்லுவான், டாக்டர் சீட்டும் கேப்பான். 'விருந்துச் சோத்தால வந்த காச்ச'ன்னு எந்த டாக்டரு எழுதித் தருவாரு? அதனால கூப்புடுறவுகளுக்கு 'வரமாட்டேன்'னு சொல்லாத. 'அவருக்கு வேண்டுதல் அத்த'ன்னு சொல்லு. திங்கக்கெழம சிவனுக்கு, செவ்வா முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. புதன் மட்டும் ஒதைக்கும். 'பொன்னு கெடைச்சாலும் புதன் கெடைக்காது, அப்பேர்ப்பட்ட நாள்ல புத்தகத்தத்தான் தொடணும்'னு அடிச்சு விடு. ஞாயித்துக்கெழம தாராளமாப் போங்க. காலேஜும் லீவு, கறியும் புதுசு.

என்ன மாப்ள முழிக்க? அஞ்சு சாமியையும் ஒந்தலையில கட்டிட்டேன்னா? பொண்டாட்டி படிப்புக்கு ஆறு நாளு வெஞ்சனத்தத் தியாகம் பண்ணப்படாதா?

அடுத்தது ஆடி. ஆடியில கூடுனா சித்திரை வெயில்ல பிரசவம்னு புதுசாக் கட்டுனவுகளப் பிரிச்சு, பொண்ண அம்மா வீட்டுக்குக் கூட்டியாந்துருவாக. நீயும் வந்துட்ட. 'ஆடிப்பட்டம் தேடி விதை'ம்பாக, ஒனக்கு ஆடிதான் ரெக்கார்டு நோட்டு எழுதுற பட்டம். சமைக்க ஆத்தா இருக்கா, கொமட்டுல குத்த மாமியா இல்ல. இத விட்டா இன்னொரு ஆடிக்கு எங்க போவ? ஆனா ஒரு வில்லங்கம். ஆடியக் கண்டுபிடிச்ச பெரிய மனுசனுக்கு வாட்சாப்பு தெரியாது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மச்சுல குசுகுசுன்னு ஒரே சத்தம். ஒங்க பாட்டி எலின்னு நெனச்சுப் பொறி வச்சுட்டா. மாப்ள, ஒம்பது மணிக்கு மேல போனு வந்துச்சுன்னா எடுக்கப்போறது நான்தான். நான் பேச ஆரம்பிச்சா லேசுல வைக்க மாட்டேன், பாத்துக்கோ.

மாமியாளப் பத்தி ஒனக்குச் சொல்லவே வேண்டாம். போன மாசம் நீ பண்ணுன வேலைய மாப்ள சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். லேப்புல காஸ்டிக் சோடா பட்ட வெரலோட தாலிக்கயித்தச் சரி பண்ணிருக்க. பொழுதடையத் திரி ஏத்துறப்ப ஒம் மாமியா பாக்கா, மஞ்சக்கயித்துல ரத்தச் செவப்பா ஒரு திட்டு! 'ஐயோ எம் மவனுக்கு என்னமோ ஆகப்போகுது, இந்தக் காலேஜு ஆகாது'ன்னு கெடந்து துடிச்சிருக்கா. நீ எதுத்துப் பேசல. ஒரு தட்டுல மஞ்சத்தண்ணி கரைச்ச. வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்ப ஒரு கிள்ளு போட்ட. செவந்துச்சு. 'இது என்ன அத்த?'ன்னு கேட்ட. 'ஆரத்திடி'ன்னா. 'இதேதான் கயித்துலயும் நடந்துருக்கு. மஞ்சளுக்குக் காரம் பட்டாச் செவக்கும், புளிப்புப் பட்டா மறுபடி மஞ்சளாகும்'னுட்டு, எலுமிச்சங்காயப் பிழிஞ்சு கயித்துல ரெண்டு சொட்டு விட்ட. திட்டு போன எடம் தெரியல. அந்தம்மா வாயில வச்ச கைய எடுக்கலையாம்.

மறுநாளுலருந்து தெருவுல என்ன பேச்சு தெரியுமா? 'எம் மருமவ ஆரத்திக்குள்ள இருக்க சூட்சுமத்தப் படிக்கா.' இனிமே நீ லீவு போட்டாலும் அந்தம்மா வெரட்டி விடுவா. இதத்தான் தாயி சந்துங்கேன்.

அப்பறம் இந்த இனிசியலு. 'அப்பா எழுத்த எடுத்துட்டு மாப்ள எழுத்தப் போடு'ன்னு எவனாச்சும் நல்ல புத்தி சொல்லுவான். டிகிரி கைக்கு வாரவரைக்கும் காதுல வாங்காத. பத்தாங்கிளாஸு மார்க்ஷீட்டுல ஒரு பேரு, ஆதாருல ஒரு பேரு, செமஸ்டர் சீட்டுல இன்னொரு பேருன்னா, 'மூணு பேரும் நான்தான்'னு சத்தியம் பண்ணி கெஜட்டுக்கு அலையணும். ஆனா சார்பதிவாளர் ஆபீசுல கல்யாணத்தப் பதிஞ்சுக்கோங்க, அது அவசியம். 2009-ல போட்ட சட்டம், 90 நாளு கெடு. அந்த 22-ல ஒரு நாள இதுக்குச் செலவழி, தப்பில்ல.

கவர்மெண்டுக்கே இப்பத்தான் புத்தி வந்துருக்கு. 1989-ல மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேருல ஏழைப் பொண்ணுக கல்யாணத்துக்குப் பணம் குடுத்தாக. பொறவு தாலிக்குத் தங்கமும் சேத்தாக, 4 கிராம்னு ஆரம்பிச்சு 8 கிராம் ஆச்சு. 2022-ல அந்தத் திட்டத்தையே திருப்பிப் போட்டு, புதுமைப் பெண்ணுன்னு பேரு வச்சு, அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைக காலேஜுக்குப் போனா மாசம் 1,000 ரூவாங்காக. தங்கமாக் குடுத்தா ஒரு மழை பொய்ச்சதும் அடகுக்கடையில போயி உக்காந்துக்கும். படிப்ப எந்தச் சேட்டு எடை போட்டு வாங்குவான்? ஒனக்கு வார அந்த ஆயிரத்துலதான் கொழுந்தன் போனுக்கு ரீசார்ஜ் போடுறியாமே. அடுத்த மாசத்துலருந்து 'பணம் இன்னும் ஏறல'ன்னு சொல்லிப் பழகு. ஆபீசு மேல பழியப் போட்டா வீட்டுல சண்டை வராது.

இப்ப ஒன் மொறை மாப்ள. பக்கத்து எட்டயபுரத்துக்காரரு பாரதிக்கு 1897-ல கல்யாணம் நடந்துச்சு. மாப்ளைக்கு 14 வயசு, பொண்ணு செல்லம்மாவுக்கு 7. அப்பன் செத்த பொறவு மாப்ள காசிக்குப் போயிப் படிச்சாரு. பொண்டாட்டி ஊர்ல இருந்தா. தாலி கட்டுனவன் படிக்கக் கெளம்புனா ஊரு வழியனுப்பி வைக்கும், கட்டிக்கிட்டவ படிக்கக் கெளம்புனா 'சோறு யாரு பொங்குறது'ன்னு கேக்கும். நீ என்ன செய்யணும்னா, மொதல்ல காலேஜு வாசல்ல பைக்கு போட்டு நிக்கிறத நிறுத்து. நீ நிக்கிறது தெரிஞ்சா அவ வகுப்புல இருக்க மாட்டா, கடிகாரத்துல இருப்பா. ஏழு மணி பஸ்ஸுக்கு அவ கெளம்பணும்னா ஆறு மணிக்கு நீ உலைய வையி. ஆம்பள உலை வச்சாலும் அரிசி வேகத்தான்யா செய்யும், நான் வச்சுப் பாத்துருக்கேன்.

அடுத்தது தலைதீபாவளி. அதுவும் ஐப்பசி, செமஸ்டர் பரிச்சையும் அத ஒட்டித்தான் வரும். 'பட்டு எடுக்கவா, மோதிரம் போடவா'ன்னு மாமனாரு கேப்பாரு. மோதிரத்த வாங்கிக்கோ, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா எண்ண தேச்சுக் குளிக்க எல்லாரும் நாலு மணிக்கு எந்திரிப்பாகள்ல? குளிச்சு முடிச்சதும் மத்தவுக வெடிய எடுக்கட்டும், தாயி, நீ புத்தகத்த எடு. அன்னைக்கு ஒருத்தரும் ஒன்ன வேல ஏவ மாட்டாக. தலைதீபாவளிப் பொண்ணுல்ல!

கடைசியா ஒண்ணு. இது ரொம்ப முக்கியம். பஸ்ஸுல, குழாயடியில, கோயில்ல, முன்னப் பின்னத் தெரியாதவுக கூட ஒன் வயித்தப் பாத்துட்டு 'என்ன தாயி, விசேஷம் உண்டா?'ன்னு கேப்பாக. மொகத்தச் சுழிக்காத. வெக்கப்படுற மாதிரித் தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'உண்டு பெரியம்மா, ஏப்ரல்ல'ன்னு சொல்லிரு. அவுக ஆனியிலருந்து வெரல விட்டு எண்ணிப் பாப்பாக. கணக்கும் சரியா வரும், வாயெல்லாம் பல்லாப் போயி, பஸ்ஸுல எந்திரிச்சு எடம் விடுவாக, மாங்கா குடுப்பாக, எலந்தப்பழம் குடுப்பாக. எல்லாத்தையும் வாங்கித் தின்னுக்கிட்டே படி. ஆறாவது செமஸ்டர் பரிச்ச ஏப்ரல்லதான? நாம என்ன பொய்யா சொன்னோம்!