ஒன்றை அழுத்தவும்

நான்கு பேர் வேலை பார்க்கும் ஓர் அச்சாபீஸுக்கு இணையத் தொலைபேசி விற்க வந்த பிரதிநிதி, 'விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும், கணக்குக்கு இரண்டை அழுத்தவும்' என்று தேன்குரலில் உபசரிக்கும் ஏற்பாட்டையும், காத்திருப்போருக்கான வீணாகானத்தையும் சாங்கோபாங்கமாக வர்ணித்தபோது, எதை அழுத்தினாலும் எடுக்கப்போவது அதே கணக்கப்பிள்ளைதான் என்று சொல்ல முதலாளிக்கு மனம் வரவில்லை. ஜி.711 என்னும் குரல் குறியாக்க முறையில் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட் போதும் என்பது வாஸ்தவம். குரல் மறுமுனை சேர 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகாதிருப்பது உத்தமம், இல்லையேல் இருவரும் ஒருங்கே பேசி ஒருங்கே மௌனமாவார்கள் என்றும் பிரதிநிதி எச்சரித்தார். நம் குடும்பங்களில் இது தொலைபேசியின் சகாயமின்றியே நித்தியம் நடைபெறுகிறது. பழைய செப்புக் கம்பியோ, தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரத்தையும் சுமந்து வந்தபடியால், ஊரே இருளில் மூழ்கினாலும் கணகணவென்று ஒலித்துக்கொண்டிருந்தது. புதியதோ மோடத்தோடு உடன்கட்டை ஏறும் பதிவிரதை. 'கரண்ட் போனால் என்ன செய்வது?' என்று முதலாளி கேட்டதற்கு, பிரதிநிதி சற்றும் சஞ்சலமின்றி, 'உங்கள் செல்போன் இருக்கிறதே, சார்!' என்றார்.