கையால் பேசினால் கெட்டுப்போகும்

புணேயின் விமான் நகருக்குப் பெயர்ப் பொருத்தம் அமோகம். பக்கத்திலேயே லோஹேகாவ் விமானப்படைத் தளம். பயணிகள் விமானங்களுக்கும் அதே ஓடுபாதைதான். சுகோய்-30 போர் விமானம் கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி தாளம் போடும்.

அடுக்ககப் பூங்காவில், காது கேளாத மகனோடு கையால் பேசும் தாய்க்கு இலவச ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. “சைகை பழக்காதீங்கம்மா, அப்புறம் பேச்சே வராது!”

சாதாரண ஆலோசனையா இது? 1880-இல் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடே, பள்ளியில் வாய்ப்பேச்சுதான் வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். நடுநிலை என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

அந்தத் தீர்மானத்துக்கு 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு வருத்தம் தெரிவித்தது. பின்னூட்டம் சில நொடி தாமதித்தாலே இயந்திரம் ஆட்டம் காணும் என்பார்கள் கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள். இங்கே தாமதம் 130 ஆண்டு. ஒரு ஆட்டமும் இல்லை. என்ன உறுதி!

ஆலோசகர் மேலும் விளக்க வாயெடுத்தார். தலைக்கு மேல் சுகோய். உதடு அசைகிறது, சத்தமில்லை. கையைத் தூக்கி ‘கொஞ்சம் பொறுங்க’ என்று ஜாடை காட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். பெஞ்சு முழுக்கப் பேச்சு நின்றது.

தாயும் மகனும் மட்டும், வடா பாவில் பெரிய பாதி யாருக்கு என்ற சண்டையை விடாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.