வேலூர்க்காரனுக்கு வெயில் வகுப்பு

அனுப்புநர்:
தங்கள் பதிவேட்டின்படி 'வெப்பம் பழகாத மாணவன்',
சொந்த ஊர் வேலூர், தற்சமயம் செவில், ஸ்பெயின்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வெளிநாட்டுப் பயில்வுப் பிரிவு,
ஜெர்மனியில், பனி பொழியும் ஒரு பல்கலைக்கழகம்.

பொருள்: கோடைக்காலக் கையேடு – நன்றி கூறுதலும் திருத்தம் கோருதலும் – தொடர்பாக.

ஐயா,

வெப்பமான ஊரில் குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கென்று தாங்கள் பரிவோடு அச்சிட்ட கையேடு கிடைத்தது. முதல் பக்கத்திலேயே சிரிக்கும் சூரியன் படம். அதன் கீழே, 'இப்படிப்பட்ட வெயில் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம்' என்றொரு ஆறுதல். தண்ணீர் இல்லாத ஆறும் மரம் இல்லாத மலையும் உள்ள ஊர் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசும் வேலூரில் பிறந்தவன் நான். விண்ணப்பப் படிவத்தில் பிறந்த ஊருக்கு ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினேன். அதைப் படிப்பதற்குத் தங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை போலும்.

செவில் நகரம் 2022-இல் வெப்ப அலைகளுக்குப் பெயர் சூட்டத் தொடங்கியதைத் தாங்கள் வியப்போடு ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறீர்கள். முதல் அலையின் பெயர் ஸோயி. நல்ல பெயர்தான். எங்கள் பக்கத்தில் கத்திரி என்று பெயர் வைத்து, தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் முன்கூட்டியே பஞ்சாங்கத்தில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பெட்டிச் செய்தி வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 'பகல் 12 முதல் 3 வரை வெளியே செல்ல வேண்டாம். 5 மணிக்குப் பிறகு நகரைச் சுற்றிப் பார்க்கலாம்' என்பது தங்கள் கட்டளை. 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோ ஸ்பெயினின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, லண்டன் நேரத்திலிருந்து பெர்லின் நேரத்துக்கு மாற்றினார். போர் முடிந்தது, பிராங்கோவும் போய்ச் சேர்ந்தார், கடிகாரம் மட்டும் திரும்பவில்லை. அதன்மேல் கோடைக்காலத்துக்கென்று இன்னொரு மணி நேரம். ஆகவே ஜூலை மாதச் செவிலில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி இரண்டரை. தரையும் சுவரும் காய்ந்து அனல் முற்றுவது அதற்கும் பிறகு, மாலை ஐந்து, ஆறு, ஏழு மணிவாக்கில். அதாவது, ஊரார் கடைசி வேலைகளை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் நேரத்தில் எங்களைப் பூட்டிவைத்து, ஊரே கதவடைத்துக்கொள்ளும் நேரத்தில் எங்களைத் தெருவில் இறக்கிவிடுகிறீர்கள். சியெர்பெஸ் தெருவில் மாடிக்கு மாடி இழுத்துக் கட்டிய துணிப்பந்தல்களுக்கு அடியில் ஐந்தரை மணிக்கு நடந்தால் எதிர்ப்படுபவர்கள் கையேடு வைத்திருப்பவர்கள் மட்டுமே. பெர்லின் நேரம் என்பதால் இந்தக் குழப்பத்தில் தங்கள் தேசத்துக்கும் ஒரு பழைய பங்கு உண்டு. அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

அடுத்தது ஜன்னல். 'காலையும் மாலையும் ஜன்னல்களை அகலத் திறந்து காற்றோட்டம் உண்டாக்கவும்.' வாடகை ஒப்பந்தத்திலேயே ஜன்னல் திறப்பதை எழுதிவைக்கும் நாட்டில் இது அறிவுரை. இங்கே நாங்கள் தங்கியிருக்கும் வீட்டில் தங்கள் மாணவி ஒருத்தி மாலையில் ஜன்னலைத் திறக்கப் போனபோது, வீட்டம்மாவின் முகம் பொங்கி வழியும் பாலைப் பார்த்தவர் முகமாக மாறியது. வெயில் ஏறுமுன் கண்ணாடியைச் சாத்தி, வெளிப்புறச் சுருட்டுத் தட்டியைத் தரைவரை இறக்கிவிடுவார். பகல் முழுக்க வீடு இருட்டு. ஊர் அடங்கி வெளிக்காற்று தணிந்த பிறகே எல்லாம் திறக்கும். இதை அவருக்கு எந்த அலுவலகமும் கற்றுக்கொடுக்கவில்லை.

சமையலறை மூலையில் ஒரு மண்கூஜா இருக்கிறது. பொத்திஹோ என்பார்கள். மேலே ஒரு கைப்பிடி, ஊற்ற ஒரு வாய், குடிக்க ஒரு சிறுமூக்கு. மெருகு பூசாத மண் என்பதால் நீர் கசிந்து, வறண்ட காற்றில் ஆவியாகி, உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கிறது. இப்போது பல வீடுகளில் அலங்காரப் பொருளாகிவிட்டது, இந்த வீட்டில் இன்னும் வேலை பார்க்கிறது. தங்கள் கையேடோ, 'பொதுப் பாத்திரத்தில் குடிக்கச் சொன்னால் பணிவுடன் மறுக்கவும்' என்கிறது. மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அதில் யாரும் வாய் வைப்பதில்லை. தூக்கிப் பிடித்து அண்ணாந்து குடிக்க வேண்டும். எச்சில் படாமல் குடிக்கத் தெரிவது எங்கள் வீடுகளில் நடக்கத் தெரிவதற்கு அடுத்த தகுதி. நான் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டு வைத்தேன். பக்கத்தில் நின்ற தங்கள் மாணவர் சட்டையை நனைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை. கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவரும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. தங்களின் 'குடும்பத்தோடு இணைய ஐந்து உரையாடல் தலைப்புகள்' பக்கம் இதனால் வீணாகிவிட்டது, மன்னிக்கவும்.

மூன்றாவது வாரம் நான் விரக்தியடைய வேண்டும் என்று ஒரு வளைகோடு போட்டிருக்கிறீர்கள். 1955-இல் லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர், அமெரிக்கா போன நார்வேக்காரர்களை வைத்து எழுதியதிலிருந்து பிறந்த வளைகோடு அது. வேலூரிலிருந்து ஜெர்மனி வழியாக செவில் வந்தவனுக்கும் அதே பள்ளம்தானா? அதற்கென்று தாங்கள் தந்த விரக்திப் படிவத்தை வெற்றாக அனுப்பியிருக்கிறேன்.

'இரவு 10 மணிக்குள் வீடு திரும்பி, குடும்பத்தின் உறக்கத்தைக் காக்கவும்' என்றும் ஒரு விதி. ஜூலையில் இங்கே பொழுது சாய்வதே ஒன்பதே முக்காலுக்குத்தான். பத்து மணிக்கு வீட்டம்மா மடக்கு நாற்காலியோடு தெருவுக்கு இறங்குகிறார். அண்டை வீட்டாரும் அப்படியே. காதிஸ் மாகாணத்து அல்கார் என்ற சிற்றூர், இந்தத் தெருவோர இரவுப் பேச்சை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2021-இல் குரல் எழுப்பியது. திண்ணையை இடித்து வண்டி நிறுத்த இடம் பண்ணிய ஊரிலிருந்து வந்தவனுக்கு இதைக் கேட்டுக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. அந்த வட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்: படித்து முடித்தால் எவ்வளவு சம்பளம் வரும், கல்யாணம் எப்போது. எங்கள் தெருவேதான்.

இனி சிரிப்பில்லாத பகுதி. வெயில் விளையாட்டுக் காரியம் அல்ல. இந்த நாட்டில் கோடைதோறும் முதியவர்கள் அதற்குப் பலியாகிறார்கள். நேரத்தைத் தவறாக அச்சிட்ட கையேடு அதனால்தான் வெறும் நகைச்சுவை ஆகாது. 'குளிர்சாதன வசதி உறுதி' என்று மாணவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 2021 ஜூன் முதல் இங்கே வீட்டு மின்கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. வார நாட்களில் காலை 10 முதல் 2 வரையும், மாலை 6 முதல் இரவு 10 வரையும் உச்ச விலை. நள்ளிரவு முதல் காலை 8 வரை மலிவு. அதனால்தான் வீட்டம்மா துணி துவைக்கும் இயந்திரத்தை நள்ளிரவில் ஓட்டுகிறார். அனல் முற்றும் நேரமும் விலை முற்றும் நேரமும் ஒன்றாக வரும் மாலையில், தங்கள் மாணவர் அறையில் குளிர்சாதனம் ஓடுகிறது, வீட்டம்மா தம் அறையில் கைவிசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர். தாங்கள் அனுப்பும் தொகையில் மின்சாரத்துக்கென்று ஏதாவது உண்டா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளிச் சாற்றை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

கடைசியாக வந்த தங்கள் மதிப்பீட்டுப் படிவம், அவருடைய சமையலுக்கும் சுத்தத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நட்சத்திரம் போடச் சொல்கிறது. எங்களுக்கு நட்சத்திரம் போட அவருக்கு ஒரு படிவம் இல்லை.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது: அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்புமுன் அதை அவரிடமும், அவரைப் போன்ற மற்ற வீட்டம்மாக்களிடமும் ஒரு பென்சிலோடு அனுப்புங்கள். திருத்துவதற்குக் கூலி கொடுங்கள். மாலை ஆறு முதல் பத்து வரை தாங்கள் உறுதியளித்த குளிருக்கான பணத்தையும் தாங்களே செலுத்துங்கள். ரசீதின் நகல் இத்துடன் உள்ளது. அவருக்குத் தெரியாமல் எடுத்தது, ஆகவே என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வேலூர்க்காரன்.

இணைப்பு: மின்கட்டண ரசீது, ஜூலை மாதம்.