மலையைப் பார்க்காத மலைவண்டி

கார் விளம்பரங்களில் வருகிறவர்களுக்கு வேலைவெட்டி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. விடிவதற்குள் ஏதோ ஒரு மலையுச்சிக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். கூரையில் ஒரு துடுப்புப் படகு கட்டியிருக்கும்; அது தண்ணீரைத் தொட்டதற்கான அடையாளம் எதுவும் இருக்காது. சக்கரத்தில் மட்டும் கொஞ்சம் சேறு, அதுவும் அளவாக, சந்தனம் பூசியதுபோல. இந்தப் படங்களில் நிற்பது பெரும்பாலும் க்ராஸ்ஓவர், அதாவது சாதாரணக் காரின் அடித்தளத்தில் ஜீப்பின் தோரணையை ஏற்றி, சற்று உயர்த்திக் கட்டிய வண்டி. ஐரோப்பாவில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. அதுதான் எஸ்டேட் கார். அதற்கும் அதே மாதிரியான அடித்தளம்தான். ஆனால் கூரை பின்முனைவரை தட்டையாக நீண்டு, டிக்கி ஒரு சின்ன அறையாகவே ஆகியிருக்கும். சைக்கிள், பனிச்சறுக்குக் கட்டை, கூடாரம், நாய் சகிதம் வாரக்கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்புகிற ஜெர்மானியக் குடும்பமும் ஆங்கிலேயக் குடும்பமும் இந்த இரண்டில் எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடியாடும் வாழ்க்கைக்கு வேண்டியது நீளம். ஓடியாடுவதாகக் காட்டிக்கொள்ளத்தான் உயரம் வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரை நிறுத்திப் பார்க்கலாம். செக் நாட்டின் ஸ்கோடா நிறுவனம் ஆக்டேவியா கோம்பி என்ற எஸ்டேட்டையும் கரோக் என்ற க்ராஸ்ஓவரையும் விற்கிறது. இரண்டிலுமே 1.5 லிட்டர், 150 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் கிடைக்கும். கோம்பியின் நீளம் ஏறக்குறைய 4.69 மீட்டர், கரோக்கின் நீளம் 4.39. உயரத்தில் கோம்பி 1.47 மீட்டரோடு நின்றுவிடும், கரோக் 1.6-ஐத் தாண்டும். பின்னிருக்கையை மடக்காமல் அளந்தால் கோம்பியின் டிக்கி 640 லிட்டர், கரோக்கின் டிக்கி 521. அப்படியானால் அந்தக் கூடுதல் உயரமெல்லாம் எங்கே போயிற்று? பாதி வண்டிக்கு அடியில் காற்றாக இருக்கிறது. மீதி தலைக்கு மேலே காற்றாக இருக்கிறது. நாய் இந்த இரண்டு இடத்திலும் உட்காராது. கரோக்கின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. கூடுதல் பணம் கொடுத்தால் பின்னிருக்கைகளைக் கழற்றி வெளியே எடுக்கும் வசதி கிடைக்கும்; கழற்றிவிட்டால் 1,810 லிட்டர். கோம்பியில் இருக்கையை மடக்கினால் 1,700 தான். கழற்றிய இருக்கைகளை என்ன செய்வது? வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். அவற்றில் உட்கார வேண்டிய பிள்ளைகளையும் கூடவே விட்டுவிட வேண்டியதுதான்.

லிட்டர் கணக்கை நம்பி மட்டும் முடிவெடுக்கவும் கூடாது. ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் முறைப்படி, 20 சென்டிமீட்டர் நீளமும் 10 அகலமும் 5 உயரமும் உள்ள கட்டைகளை டிக்கியில் அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். செங்கல் சூளை நடத்துகிறவருக்கு இது துல்லியமான கணக்கு. சைக்கிளும் கூடாரக் கம்பும் கட்டை கட்டையாகப் பிரிந்து வருவதில்லை. அவற்றுக்கு வேண்டியது நீளமான, தட்டையான தரை. பின்னிருக்கையை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினால், எஸ்டேட்டில் சைக்கிள் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். ஸ்போர்ட்டி என்று சொல்லி விற்கிற க்ராஸ்ஓவர்களிலோ பின்கண்ணாடியைக் கூப்பே காரைப்போலச் சரித்துவிடுகிறார்கள். உயரத்தைக் காசு கொடுத்து வாங்கி, அந்த உயரத்தைப் பின்பக்கம் சீவி எறிவதற்கும் காசு கொடுக்கும் ஏற்பாடு இது. உள்ளே இடமில்லை, கூரையில் ஏற்றலாம் என்றால், பதினைந்து கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். எஸ்டேட்டின் கூரை சராசரி மனிதரின் தோளுக்கு அருகே வரும். க்ராஸ்ஓவரின் கூரை கண்மட்டத்துக்குப் போய்விடும். ஐம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துக் களைத்து வந்தவருக்கு இந்த உயர வித்தியாசத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வயதான நாயின் விஷயமும் இதுவே. அதன் இடுப்பு மூட்டு விளம்பரம் பார்ப்பதில்லை. டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஒன்றுதான் அதற்குக் கணக்கு.

இனி ‘ஸ்போர்ட்டி’ என்ற அடைமொழியைப் பார்ப்போம். எடை உயரத்தில் இருந்தால் வளைவில் வண்டி சாயும். சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். இறுக்கினால் பள்ளத்தில் இறங்கும்போது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக ஆஜர் சொல்லும். நெடுஞ்சாலையில் உயரமான முகப்பு அதிகக் காற்றைத் தள்ள வேண்டியிருப்பதால் பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். எஸ்டேட் கார் பந்தயத்துக்கு ஆகுமா என்று சிரிப்பவர்களுக்கு 1994-ஆம் ஆண்டைச் சிபாரிசு செய்கிறேன். அந்த வருடம் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் வோல்வோ நிறுவனம் 850 எஸ்டேட்டை இறக்கியது. ஓட்டியவர்கள் ரிக்கார்ட் ரிடெலும் யான் லாமர்ஸும். சவப்பெட்டி ஏற்றத் தோதான வண்டி என்று தோன்றும் அந்த நீளப் பெட்டி, மற்றவர்களின் செடான்களுக்கு நடுவே பந்தயப்பாதை நடுங்க ஓடியது. கேலி பொறுக்காமல், அணிவகுப்புச் சுற்று ஒன்றில் டிக்கியில் பெரிய பொம்மை நாயை உட்காரவைத்து ஓட்டினார்கள். பட்டம் வெல்லவில்லை, மறுவருடம் விதி மாறி, காற்றழுத்த இறக்கைகளுக்கு அனுமதி வந்ததும் வோல்வோவும் செடானுக்கு மாறிவிட்டது. அதே 1994-இல்தான் போர்ஷேயின் துணையோடு ஆடி நிறுவனம் ஆர்எஸ்2 அவாண்ட் என்ற 315 குதிரைத்திறன் எஸ்டேட்டைக் கொண்டுவந்தது. மணிக்கு 260 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய வண்டி அது. பின்னால் குழந்தைவண்டியும் வைக்கலாம்.

க்ராஸ்ஓவர் கட்சியினரிடம் பதில் இல்லாமலில்லை. முதல் வாதம் பனி, சேறு, மலைப்பாதை. இதில் ஒரு சின்னச் சிக்கல்: சிறிய க்ராஸ்ஓவர்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் மட்டும் ஓடுபவை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற எஸ்டேட்களோ பல காலமாக விற்பனையில் உண்டு. சுபாரு அவுட்பேக் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டது. பனியில் வண்டியைக் காப்பாற்றுவது டயர். பனி படிந்த சாலையில் அதற்கேற்ற டயர் கட்டாயம் என்று ஜெர்மனி சட்டம் போட்டிருக்கிறது; வண்டி உயரமாக இருக்க வேண்டும் என்று போடவில்லை. இரண்டாவது வாதம், உயரத்தில் உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரியும் என்பது. தெரியும், முன்னால் போகிறவரும் அதே வாதத்தைக் கேட்டு அதே வண்டியை வாங்காதவரை. மூன்றாவது வாதத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உயரமான இருக்கை பெரிய வரம்; குனிந்து விழாமலும் கையூன்றி எழாமலும் ஏறி இறங்கலாம். இந்தக் காரணத்துக்காகக் க்ராஸ்ஓவர் வாங்குகிறவர் புத்திசாலி. வேடிக்கை என்னவென்றால், வண்டியின் உண்மையான இந்தப் பெருமையை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. பாறையில் தாவி ஏறுகிற இளைஞனைக் காட்டித்தான் மூட்டுவலிக்கான நிவாரணத்தை விற்கிறார்கள்.

இப்படியிருந்தும் ஜெயித்தது உயரம்தான். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2023-இல் உலகத்தில் விற்ற கார்களில் 48 சதவீதம் க்ராஸ்ஓவரையும் சேர்த்த எஸ்யூவி வகை. எஸ்டேட் வாங்கினால் ‘பிள்ளைகுட்டிக்காரன்’ என்று ஊருக்கே தெரிந்துவிடும். க்ராஸ்ஓவர் அதை மறைத்துக் கொடுக்கிறது. ஐரோப்பாவில் இந்த மோகத்தை 2007 வாக்கில் கிளப்பிவிட்ட நிசான் கஷ்காய், தெற்கு ஈரானின் நாடோடி மக்களுடைய பெயரைத் தாங்கிய வண்டி. அது அதிகமாக நாடோடியது சூப்பர்மார்க்கெட் வாசலில். நம் நாட்டிலோ போட்டியே நியாயமாக நடக்கவில்லை. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது, பிறகு மாருதியின் பலேனோ ஆல்டுரா, 2004-இல் டாடா இண்டிகோ மரீனா. எதுவும் நிலைக்கவில்லை. ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தோம். 2006 மத்திய பட்ஜெட் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது: 4 மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு உற்பத்தி வரி 24-லிருந்து 16 சதவீதமாக இறங்கியது. நீளத்துக்கு வரி விதித்த பிறகு யார் நீள்வார்கள்? மரீனாவைச் செய்த அதே டாடா, 2008-இல் இண்டிகோ செடானின் வாலை நறுக்கி 4 மீட்டருக்குள் கொண்டுவந்தது. நீளவாக்கில் வளர முடியாத வண்டிகள் மேல்நோக்கி வளர்ந்தன. ஊர் அனுமதியில்லாமல் முளைக்கும் நம் வேகத்தடைகளையும் மழைநாள் சாலைகளையும் பார்த்தால், இங்கே உயரம் வாங்குகிறவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இரண்டும் விற்கிற நாட்டில், நல்ல சாலையில் ஓட்டப்போகிறவர்கள், முழங்கால் ஒத்துழைத்தால் எஸ்டேட்டையே வாங்குங்கள். முப்பது சென்டிமீட்டர் கூடுதல் நீளத்தால் பார்க்கிங்கில் கொஞ்சம் வியர்க்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஷோரூமுக்குப் போகும்போது சைக்கிளையும் கூடாரத்தையும் நாயையும் கூடவே கொண்டுபோங்கள். விற்பனையாளர் பேசட்டும், நீங்கள் டிக்கியைத் திறந்து ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். ஏற்றுவதற்கு வீட்டில் எதுவுமே இல்லை என்றால், பிடித்த நிறத்தில் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.