ஜிப் வைத்த நைட்டி, நாடா அறுந்த கவுன்

தமிழ்ப் பெண்ணுக்கு வாழ்க்கையின் எல்லாக் கட்டத்துக்கும் உடுப்பு முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர்ப் பட்டு. கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு. வளைகாப்புக்கு இன்னொரு பட்டு, அதற்குமேல் முழங்கை வரை கண்ணாடி வளையல். இத்தனை பட்டும் எதை எதிர்பார்த்துக் கட்டினோமோ அந்தப் பிரசவத்துக்கு மட்டும் இன்னதுதான் உடுத்த வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. அப்படிக் காலியாகக் கிடந்த இடத்தை நைட்டி பிடித்துக்கொண்டது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் எந்தக் கடையில் ஏறினாலும், வயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் கடைப்பெண் கேட்டுவிடுகிறாள்: "ஃபீடிங்தானேக்கா?" கேட்டுக்கொண்டே மேல்தட்டிலிருந்து ஓர் அடுக்கைச் சரித்துவிடுகிறாள். அந்த நைட்டியின் சூட்சுமம் ஜிப்பில் இருக்கிறது. நெஞ்சின் இரண்டு பக்கமும், துணிமடிப்புக்குள் ஒளிந்து, ஒரு சாண் நீளத்துக்குக் கீழே இறங்கும். வெளியே பார்த்தால் சும்மா ஒரு லேஸ் வேலைப்பாடு. தைத்தவர் கெட்டிக்காரராக இருந்தால், பிள்ளையின் கன்னத்தில் கீறாமலிருக்க ஜிப்பின் உச்சியில் சின்னதாக ஒரு துணிக்குல்லாய் வைத்திருப்பார். இல்லாவிட்டால் ஜிப் பாதி வழியில் நின்றுவிடும். பிறகு மெழுகுவர்த்தி தேடி எடுத்துத் தேய்க்க வேண்டியதுதான்.

நைட்டி எனக்கு. முடிவெடுக்க வந்தது ஒரு கமிட்டி. கறை தெரியாத அடர்நிறமாக இருக்க வேண்டும் என்றாள் அம்மா. அடர்நிறம் சரி, கறுப்பு மட்டும் ஆகாது என்றார் என் மாமியார். கருநீலம்? டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் கறுப்பாகத்தான் தெரியுமாம். ஸ்டேட்டஸில் போடும்போது பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று நாத்தனார் வீடியோ காலில் வந்து கேட்டாள். எந்த நிறமானாலும் உள்பாவாடை கட்டாயம் என்று பெரியம்மா தீர்ப்பு வழங்கினாள். பிரசவ அறைக்குள் உள்பாவாடை என்ன கதியாகும் என்பது நான்கு பிள்ளை பெற்ற பெரியம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் கவலைப்பட்டது பிரசவ அறையைப் பற்றி அல்ல. அதற்கு வெளியே வராந்தாவில் வரிசையாக உட்காரப்போகும் சம்பந்தி வீட்டாரைப் பற்றி.

யோசித்துப் பார்த்தால் கமிட்டி முழுவதுமே அந்த வராந்தாவுக்குத்தான் துணி எடுத்துக்கொண்டிருந்தது. உருப்படியாகப் பேசியவர் அப்பா ஒருவர். ஜவுளிக்கடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தத் துணியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்த பிறகே வாய் திறப்பார். "அல்பைன் வேண்டாம் பாப்பா, வேர்க்கும். காட்டன் எடு. புதுசுல சாயம் விடும், ரெண்டு தடவை அலசிட்டுக் கொண்டு போ." கடைசியில் அரக்கு நிறத்தில் சமாதானம் ஏற்பட்டது.

நைட்டியோடு ஒரு பூத்துவாலையும் வாங்க வேண்டும் என்பதில் மட்டும் கமிட்டிக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை. நைட்டி தனியாக இருந்தால் வீட்டு உடை. தோளில் துண்டு ஏறிவிட்டால் பொது உடை. துண்டு போட்ட நைட்டியோடு பால் வாங்கலாம், சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்கலாம், வாசலில் நின்று அரை மணி நேரம் அரசியல் பேசலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எனக்கு இப்படி மும்முரமாகப் புதுத்துணி சேர்த்த அதே வீட்டில், பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு முழம் புதுத்துணி வாங்க அனுமதியில்லை. பிறந்ததும் பழைய துணியில்தான் ஏந்த வேண்டும், புதுச்சட்டையெல்லாம் புண்ணியதானத்துக்குப் பிறகுதான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தாத்தாவின் நாலு முழ வேட்டி ஒன்றைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, கிழித்து மடித்து ஒயர் கூடையில் வைத்தாள் அம்மா. பல வருஷம் துவைபட்டு மெத்தென்றான பருத்தியைவிடப் பச்சை உடம்புக்கு இதமானது வேறு எதுவும் இல்லை என்பதற்கு அப்பாவின் இரண்டு விரல்களே சாட்சி.

நான் என் பங்குக்கு இணையத்தில் தேடினேன். குளிர்நாட்டுப் பெண்கள் எழுதிய பட்டியல்கள் வந்து குவிந்தன. தளர்வான பழைய டி-ஷர்ட், ரோமச் செருப்பு, முன்பக்கம் திறக்கும் அங்கி, பிரசவ நேரத்தில் கால் சில்லிடும் என்பதால் கனத்த சாக்ஸ் இரண்டு ஜோடி. எனக்குத் தேதி குறித்திருந்தது மே மாதம். அக்கினி நட்சத்திரத்தில், மதுரையில், சாக்ஸ். பட்டியலை மூடிவிட்டு விசிறி ஒன்றைக் கூடையில் சேர்த்தேன்.

"லேடி டாக்டர்தானே?" என்று பெரியம்மா மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பாக இருந்தாலும், அந்தக் கேள்வியால் தமிழ்நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியே எழும்பியிருக்கிறது. கணவரோடு சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, ஆண் வைத்தியர் முன் வர மாட்டோம் என்று திரைக்குள்ளேயே பிரசவ வலியில் செத்துக்கொண்டிருந்த பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தானே மருத்துவம் படிக்கப் புறப்பட்டார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் அவரும் ஒருவர். 1885இல் அவர் முயற்சியால் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று கஸ்தூர்பா காந்தி பெயர். ஆனாலும் திருவல்லிக்கேணியில் ஆட்டோ ஏறினால் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்வதுதான் சுலபம். கோஷா என்றால் அந்தத் திரைதான். பெரியம்மாவின் உள்பாவாடைக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

வலி எடுத்தது. அலசிய அரக்கு நைட்டி, உள்பாவாடை, துவாலை, வளைகாப்பு வளையல் சகிதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டூட்டி சிஸ்டர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு வெளிறிய பச்சைத் துணியை நீட்டி, "எல்லாத்தையும் கழட்டிட்டு இதைப் போட்டுக்கோம்மா" என்றார். கமிட்டியின் பல வார உழைப்பு ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

அடுத்தது நகை. பிரசவம் எந்த நிமிஷத்திலும் ஆபரேஷனாக மாறலாம். தியேட்டரில் ரத்தக் குழாயை மின்சாரத்தால் சுட்டு அடைப்பார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சூடு பட வாய்ப்புண்டு. அதனால் பொட்டுத் தங்கம்கூட இருக்கக் கூடாது. நகப்பூச்சும் போயாக வேண்டும். விரலில் மாட்டும் கிளிப் நகத்தின் வழியே வெளிச்சம் பாய்ச்சித்தான் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று கணக்கெடுக்கிறது. என் மாமியார் இதையெல்லாம் எதிர்பார்த்தே வந்திருந்தார். தாலிச்செயினைக் கழற்றும்முன் மஞ்சள் கயிற்றில் கோத்த மஞ்சள் கிழங்கை என் கழுத்தில் கட்டினார். மருத்துவமும் சம்பிரதாயமும் கைகுலுக்கிக்கொண்டன. டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போட வளையல்கள் இடமே விடவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக உருவி, பிரசவம் பார்ப்பவருக்குக் கொடுக்கவென்று அம்மா ஒரு கவரில் போட்டு வைத்தாள்.

மெட்டி மட்டும் வரமாட்டேன் என்றது. கால் வீங்கி, வெள்ளி விரலுக்குள் புதைந்து கிடந்தது. ஆயாம்மா தேங்காய் எண்ணெயோடு வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு நூலை எடுத்து, மெட்டிக்கு அடியில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை விரலைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிக்கொண்டே போனார். பிறகு அடிமுனையைப் பிடித்து மெல்லப் பிரிக்கப் பிரிக்க, மெட்டி நூலின் மேல் நழுவி நழுவி வெளியே வந்துவிட்டது. இடையில் எனக்கு ஒரு வலி வந்து போனது. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மூக்குத்தியின் திருகாணி அவருக்கும் மசியவில்லை. அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டினார் சிஸ்டர். நாத்தனார் ஆசைப்பட்ட ஸ்டேட்டஸ் படத்தில் என் மூக்கில் இன்றும் அந்த வெள்ளை பிளாஸ்டர் ஜொலிக்கிறது.

இனி அந்தப் பச்சைத் துணி. கவுன் என்று பெயர். முன்பக்கம் கழுத்துவரை மூடி, பின்பக்கம் முழுக்கத் திறந்து, நாடாக்களை நம்பி வாழும் ஓர் உடுப்பு. என்னுடையதில் நடு நாடா அறுந்திருந்தது. காரணமில்லாமல் பின்பக்கத்தைத் திறந்து தைப்பதில்லை என்பது பிறகு விளங்கியது. வலி தெரியாமலிருக்கவோ மரத்துப்போகவோ மயக்க மருத்துவர் ஊசி போடும் இடம் நடுமுதுகுக்குக் கீழே. தொளதொள கை, பி.பி. பட்டைக்காக. பிள்ளையின் இதயத்துடிப்புக்கு ஒன்றும் வலியின் வேகத்துக்கு ஒன்றுமாக வயிற்றில் இரண்டு பெல்ட் கட்ட வேண்டுமென்றால், உடுப்பு சட்டென்று விலக வேண்டும். பச்சைக்கும் காரணம் உண்டு. பழைய காலத்தில் தியேட்டர் முழுக்க வெள்ளைதான். விளக்கொளியில் அது கண்ணைக் கூசவைத்ததால், சான்ஃபிரான்சிஸ்கோவின் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் 1914 வாக்கில் பச்சைக்கு மாறினார். ஊரெல்லாம் அந்த வழிக்கு வந்தது. எல்லாருடைய வேலைக்கும் தோதாகத் தைத்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டிருப்பவளுக்கும் அதில் ஏதாவது வசதி உண்டா என்று தேடிப் பார்த்தேன். அந்த நாடாவும் அறுந்திருந்தது.

"நட, நல்லா நட" என்றார் டாக்டர். சிக்கலில்லாத பிரசவத்தில் பெண் படுத்தே கிடக்காமல் நடமாடுவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நடக்கச் சொன்னவர்கள் யாரும் கவுனின் பின்பக்கத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நடக்க வேண்டிய வராந்தாவிலோ மாமனார், சின்ன மாமனார், பெரியப்பா என்று ஒரு மகாசபை கூடியிருந்தது. நான் கதவோரம் தயங்கி நின்றதைப் பார்த்த சிஸ்டர், இன்னொரு கவுனை எடுத்து வந்து, திறந்த பக்கம் முன்னால் வருகிற மாதிரி கோட்டாக மாட்டிவிட்டார். பின்பக்கம் மூடியது. இரண்டு கவுன் சேர்ந்தால் ஒரு முழு உடுப்பு. நான் வராந்தாவில் இறங்கியதும் பெரியப்பா தீயணைப்புச் சிலிண்டரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தார். நான் திரும்பி வரும்வரை படித்தார். அதற்குள் அம்மா எங்கிருந்தோ ஓடிவந்து இரண்டு கவுனுக்கும் மேலே பூத்துவாலையைப் போட்டுவிட்டாள். பெரியம்மா முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் உடுப்புக்கு வேலை இல்லை. வலி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கவுன் எங்கே போனது, துவாலை யார் கையில் இருக்கிறது, எதுவும் நினைவில் நிற்பதில்லை. எனக்கு நின்றது ஒன்று. ஒவ்வொரு முறை உள்ளே சோதித்துப் பார்க்க வரும்போதும் அந்த சிஸ்டர் திரையை முழுதாக இழுத்து விடுவார், ஒரு போர்வையை முழங்கால்மேல் விரிப்பார், "பாக்கட்டுமாம்மா?" என்று கேட்பார். நான் "ம்" என்ற பிறகே கை வைப்பார். பிரசவ அறையில் பெண்ணின் அந்தரங்கத்தையும் மரியாதையையும் காப்பதை 2017இல் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டம் ஒரு தர அளவுகோலாகவே எழுதி வைத்திருக்கிறது. அரக்கு நைட்டி, உள்பாவாடை, பூத்துவாலை மூன்றும் சேர்ந்து காப்பாற்ற முடியாததை அந்த ஒற்றை வார்த்தைக் கேள்வி காப்பாற்றியது. பெரியம்மாவிடம் சொன்னேன். "அதுக்காக உள்பாவாடை இல்லாமப் போக முடியுமா?" என்றாள்.

பிறந்தவளைத் துடைத்து என் நெஞ்சில் போட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும், தோலோடு தோல் பட வேண்டும். முன்பக்கம் கழுத்துவரை மூடிய கவுனோ அதற்கு வழிவிடவில்லை. கழுத்து நாடாவை அவிழ்த்து, தோளிலிருந்து இறக்கி, டிரிப்ஸ் குழாயில் சிக்கி, நான்கு கைகள் சேர்ந்து போராடின. விளக்குத்தூண் நைட்டியின் அருமை அப்போது புரிந்தது. வார்டுக்கு வந்ததும் அதைத்தான் மாட்டிக்கொண்டேன். ஜிப் வழவழவென்று இறங்கியது. பிள்ளை தாத்தா வேட்டியில், தாய் அரக்கு நைட்டியில்.

வீட்டுக்குப் போகும் நாளுக்கு என்ன உடுத்துவது என்று கமிட்டி யோசிக்கவே இல்லை. 2018இல் இங்கிலாந்தின் கேட் மிடில்டன், மூன்றாம் பிள்ளை பிறந்து ஏழு மணி நேரத்தில், சிவப்பு கவுனும் குதியுயர்ந்த செருப்புமாக ஆஸ்பத்திரிப் படியில் நின்று கையசைத்தார். எனக்கு வளைகாப்புப் பட்டின் ரவிக்கையில் கை நுழைந்தது, கொக்கி சேரவில்லை. பிள்ளை வெளியே வந்துவிட்டாலும் வயிறு இன்னும் காலி செய்யவில்லை. ஆரத்தித் தட்டின் முன்னால் நைட்டி, துவாலை, மூக்கில் பிளாஸ்டரோடு நின்றேன்.

இந்தப் பிரசவத்தில் உடுப்புக்காகப் பாராட்டு வாங்கியவர் ஒருவர் உண்டு. என் கணவர். உடனிருக்க அவரை உள்ளே விட்டபோது நீலத்தில் கவுன், குல்லாய், முகக்கவசம், காலுறை என்று உச்சி முதல் பாதம் வரை புத்தம் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். பின்பக்கம்கூடச் சரியாக மூடியிருந்தது. "டாக்டர் மாதிரியே இருக்காருல்ல!" என்று சொந்தம் முழுக்க அந்தப் படத்தைச் சுற்றி அனுப்பியது.

பில்லைப் பார்த்தபோதுதான் அது தானமல்ல என்று தெரிந்தது. 'அட்டெண்டர் கிட்' என்று தனி வரியே போட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியை மாட்டி அந்தத் தொகையை இரண்டு தடவை வாசித்தார். மாப்பிள்ளை நினைவாக மடித்து வைத்திருந்த நீலக் கவுனை வாங்கி இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"இதுல நூலே கிடையாது, பாப்பா. நெசவே இல்லாத துணி. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு எடுத்த சட்டை இதைவிடச் சல்லிசு. அதுல பட்டனாவது இருந்துச்சு."