காலை ஆறு முதல் ஏழு வரை மூச்சு விடாதே!

தமிழ்நாட்டுப் பட்டாசு நேரம் தவறாது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அரசு குறித்துக் கொடுத்த முகூர்த்தம். மயிலாப்பூரில் வீசிங் உள்ள குழந்தை அந்த இரண்டு மணி நேரம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். அப்புறம் புகையே கிளம்பிப் போய்விடும். நள்ளிரவில் மாட வீதியில் ஆயிரம் வாலா கேட்டதா? உங்கள் காதில்தான் கோளாறு. சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டதே!

அந்தத் தடை பிறந்த வழக்கு 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் போடப்பட்டது. வளர்ந்த நாம் யாரும் வாய் திறக்கவில்லை. பேரியம் உப்புக்கும் அதிலேயே தடை. 2021இல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை சொன்னால் கேட்கிற ஆளா நாம்?

பச்சை வெளிச்சம் பேரியம், சிவப்பு ஸ்ட்ரான்ஷியம், வெள்ளை அலுமினியம். மேலே வாணவேடிக்கை, கீழே இறங்கினால் உலோகத் தூசு. ஆஸ்துமாக் குழந்தையின் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கிக் கிடப்பது. புகை பட்டால் இன்னும் இறுகும். எடைக்கு எடை நம்மைவிட அதிகக் காற்றை இழுப்பதும் குழந்தைதான். பண்டிகைப் பங்கில் அதற்குத்தான் கூடுதல்.

பயப்படாதீர்கள், அளக்கிறோம். பெசன்ட் நகரிலும் தி.நகரிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருவி வைக்கிறது. தீபாவளியை ஒட்டிப் பதினாலு நாள் அலுமினியம், பேரியம், இரும்பு அளக்கச் சொன்னதும் நீதிமன்றம்தான். ஆனால் அம்மா செல்போனில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீட்டில் மொத்தம் எட்டு மாசுகள், உலோகம் என்றால் ஈயம் ஒன்றே ஒன்று. பேரியம் அங்கே ஆதார் இல்லாத ஆசாமி.

பாம்பு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லை, பொறியில்லை, 'சின்னப் பிள்ளைக்கு இதுதான் சேஃப்' என்று முதலில் கொடுப்பது அதைத்தான். புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016இல் அளந்தபோது, நுண்துகள் கக்குவதில் ஆயிரம் வாலாவையே தோற்கடித்தது இந்தப் பாம்பு. கறுப்பாக நெளிந்து எழும்போது, பிள்ளை குந்தி உட்கார்ந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறது. நாம் எட்டி நின்று போட்டோ எடுக்கிறோம்.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு: 'வீசிங் உள்ள பிள்ளைகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கட்டும்.' அடுத்த செய்தி: 'ஸ்கை ஷாட்டுக்கு இன்னும் மூணு வீடு பணம் தரலை.' அதில் ஒன்று நெபுலைசர் ஓடுகிற வீடு. அவர்களும் தரணுமாம், வேடிக்கை எல்லாருக்கும் பொதுதானே!